ஊற்றிய ஆயில் எங்கே போனது

புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். உற்சாகமாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். முப்பது வருடம் அடுத்தவர் குறையைக் கேட்டே சம்பளம் வாங்கியவன், உற்சாகத்துக்கு எங்கே போவேன்? வீட்டில் குழாய் சொட்டினால்கூட, அதை யார் தலையில் கட்டலாம் என்றுதான் என் புத்தி முதலில் போகும். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதுதான் எனக்கு அடி முதல் நுனி வரை தெரிந்த விஷயம்.

இதை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு பத்திக்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருகிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும், யாராவது ஓட்டும் காரில் முன் சீட்டில் உட்கார்ந்தால், ரயில்வே கேட் கண்ணில் பட்டதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். 

அறுபதுகளின் கடைசி அது. ஜி.எஸ்.டி. ரோட்டில், தாம்பரத்துக்குச் சற்று முன்னால் எங்கள் சர்வீஸ் ஸ்டேஷன். ஒரு கம்பெனியின் கனரக பிக்கப் வண்டிகளை விற்றோம், பழுதும் பார்த்தோம். லாரியைவிடச் சின்னது, வேனைவிட முரடு. டிரைவர்கள் அதைக் குட்டி லாரி என்பார்கள். பல்லாவரம் மலையில் உடைத்த ஜல்லியை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க எங்கள் வாசலைக் கடந்து போகும், வரும். அந்த வண்டிகளைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் என் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

அந்த மேஜையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன. ஒன்று கம்பெனி சீல். இன்னொன்று ‘உரிமையாளரால் மாற்றப்பட்ட வண்டி’. இரண்டாவதுதான் அதிகம் தேய்ந்திருந்தது. அதற்குக் காரணம் அந்த ஊர் வழக்கம். புது வண்டியை டெலிவரி எடுத்ததும் உரிமையாளர் நேராகக் குன்றத்தூர் முருகன் கோயில் அடிவாரத்துக்கு ஓட்டிப் போவார். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அந்தக் கையோடு பட்டறைக்குப் போவார். பின் சக்கரத்து ஸ்பிரிங்கில் கம்பெனி வைத்த பட்டைகள் போதாது என்று இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டச் சொல்வார். பட்டை கூடினால் லோடு ஏற்றும்போது வண்டி அமுங்காது, ஜல்லியும் கூடுதலாக ஏற்றலாம். வண்டியில் வைத்த சந்தனம் காய்வதற்குள் இதெல்லாம் நடந்து முடிந்துவிடும்.

உரிமையாளர் வண்டியில் ஏதாவது மாற்றம் செய்தால் கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது என்று விதி. எனக்கு அது கைகொடுத்த மாதிரி எதுவும் கைகொடுத்ததில்லை. யார் எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் குனிந்து பட்டையை எண்ணுவேன். ஒன்று கூட இருந்தால் ஸ்டாம்ப். கதவு சரியாக மூடவில்லை என்று வந்தவருக்கும் அடித்திருக்கிறேன். நான் நிராகரித்த புகார் ஒன்றுகூட மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது.

தாண்டவராயன் என்று ஒருவர், சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர். பல்லாவரம் ஸ்டேண்டில் நிற்பார். நாற்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை, தோளில் ஜல்லித் தூசு. ஒரு நாள் வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

“பெடலு கீழ போவுது சார். ரெண்டு தபா அடிச்சாதான் பிரேக் புடிக்குது.”

“எத்தனை பட்டை சேர்த்துப் போட்டிருக்கே?”

“ஒண்ணு. எல்லாரும் போடறதுதான்.”

“அப்புறம் எப்படிப்பா பிரேக் பிடிக்கும்?”

“பட்டைக்கும் பிரேக்குக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

சம்பந்தம் எனக்கும் தெரியாது. ஸ்டாம்பை அடித்தேன். மெக்கானிக் குறைந்திருந்த பிரேக் ஆயிலை ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி அனுப்பினார். அடுத்த மாதம் அதே புகார், அதே ஸ்டாம்ப், அதே ஆயில். மூன்றாவது முறை வந்தபோது, நான் ஸ்டாம்பை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“நீ பேப்பர்ல குத்திகினே கீற சார். வண்டி ரோட்டுல ஓடிகினு கீது.”

“பட்டையைக் கழட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. புகார் நின்றுவிட்டால் கோளாறும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பிரிவில் வழக்கம். உங்கள் பிரிவில் அப்படி இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் ஒத்துக்கொள்ளவா போகிறீர்கள்.

இரண்டாவது ஆள் ரோஸ்லின் டீச்சர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்தப் பள்ளி எங்கள் பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் எங்கள் ஷெட்டிலேயே பெஞ்சுகள் அடித்து, பச்சைத் தார்ப்பாய்க் கூரை போட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி வந்தது. தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கும் வீடுகளிலிருந்து காலையில் இருபத்தைந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். ஓட்டுகிறவர் பெயர் சூசை. வண்டியின் பொறுப்பு டீச்சருடையது. அவர்கள் பட்டை எதுவும் சேர்க்கவில்லை. பிள்ளைகள் என்ன ஜல்லியா?

டீச்சர் முதலில் கடிதமாக எழுதினார். குண்டு குண்டான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இருக்காது. பிரேக் பெடல் இறங்குகிறது, கவனிக்கவும். நாங்கள் ஆயில் ஊற்றினோம். மறுபடி கடிதம். மறுபடி ஊற்றினோம். மூன்றாவது தடவை சூசையோடு அவரே வந்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“சார், ஜூன்ல ஆயில் ஊத்தினீங்க. ஆகஸ்ட்ல ஊத்தினீங்க. இப்பவும் ஊத்தறீங்க. ஊத்தின ஆயில் எங்க சார் போகுது?”

இந்த வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். அதைக் கேட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ‘எங்கேப்பா போகுது?’ என்று கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. ஸ்டாம்ப் அடிக்கவும் வழியில்லை, பட்டை இல்லையே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“வெயிலுக்குக் கொஞ்சம் குறையும் டீச்சர். பயப்படாதீங்க.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அதை எழுதிக் குடுங்க சார். ஸ்கூல்ல காட்டணும்.”

எழுதினேன். பிரேக் பரிசோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது, ஆயில் வெயிலில் சிறிது குறைவது இயல்பு. தேதி, கையெழுத்து, கம்பெனி சீல். விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர், அவர் அதை நம்பியிருக்க மாட்டார். ஆனால் கம்பெனி சீல் போட்ட காகிதத்தை எதிர்த்து ஒரு டீச்சர் என்ன செய்ய முடியும்? மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பெரிய தலைவலி தீர்ந்தது என்று நான் டீ குடிக்கப் போனேன்.

இரண்டு மாதம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து ஒட்டிய உறையில் ஒரு கடிதம் வந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விற்ற வண்டிகளில் ஒரு தொகுதியில், பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப் இடம் மாறி அடிக்கப்பட்டிருக்கிறது. குழாய் பக்கத்துத் தகட்டில் உரசித் தேய்கிறது. ஒரு நாள் குழாய் உடைந்தால், அந்தக் கால வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ப் பாதை என்பதால், மொத்த பிரேக்கும் போய்விடும். வாடிக்கையாளர்களைக் கலவரப்படுத்தாமல் வண்டிகளை வரவழைத்துச் சரி செய்யவும் என்று எழுதியிருந்தது. எங்கள் பட்டியலில் அப்படி இருபத்தாறு வண்டிகள்.

இன்று இதற்கு ரீகால் என்று பெயர் இருக்கிறது. பேப்பரில் போடுகிறார்கள். அன்று அந்த வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. விற்ற வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது என்றாலே எங்கள் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிடும்.

“பிரேக்குன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நாளைக்கு ஷோரூம் வாசல்ல ஒருத்தன் கால் வைக்க மாட்டான். ஃப்ரீ செக்கப்னு கார்டு போடு. வந்தா சத்தமில்லாம மாத்திடலாம்.”

“வரலேன்னா சார்?”

“வருவான்யா. ஃப்ரீன்னா வராம இருப்பானா?”

அது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. அந்த மனிதர் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு கார்டு எழுதிப் போட்டேன்.

இரண்டு வண்டிகள் வந்தன. மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பெல்லாம் நாங்கள் நடத்திய இலவசச் செக்கப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, மாற்ற வேண்டிய பாகங்கள் என்று ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் போட்டுக் கையில் கொடுப்போம். ஒரு தடவை சூடு பட்டவர்கள் மறுபடி ஏன் வருவார்கள்?

நாலாம் நாள் பள்ளியிலிருந்து மட்டும் பதில் வந்தது. குண்டு குண்டான கையெழுத்து. தங்கள் கார்டுக்கு நன்றி. பிரேக் நல்ல நிலையில் இருப்பதாகத் தாங்கள் எழுதித் தந்த கடிதம் எங்களிடம் உள்ளது. அரையாண்டுத் தேர்வு நடப்பதால் வண்டியை ஒரு நாளும் நிறுத்த இயலாது. விடுமுறையில் அனுப்புகிறோம்.

படித்ததும் என்னவோ உறுத்தியது. ஆனால் அது லேசான வண்டி, மாற்றம் செய்யாத வண்டி. என் மனதில் அது நல்ல வண்டி வரிசையில் இருந்தது. பட்டியலில் அதற்கு எதிரே ‘பதில் வந்தது’ என்று எழுதி டிக் போட்டேன். என் கவலையெல்லாம் தாண்டவராயன்மேல்தான். மூன்று முறை வந்து கெஞ்சியவர், ஜல்லி லோடு, கூடுதல் பட்டை வேறு. ரோட்டில் எங்கேயாவது குட்டி லாரியின் ஹார்ன் கேட்டால் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.  ஒரு நாள் மதியம், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பல்லாவரம் ஸ்டேண்டுக்குப் போனேன்.

அவர் வண்டி நிழலில் நின்றது. அவர் மேலே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“வா சார். ஓசி செக்கப்பா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“தாண்டவராயன், வண்டியை எடுக்காதே. பிரேக் பைப்புல கோளாறு.”

கார்டில் எழுதத் துணியாததை நடு ரோட்டில் சொல்லிவிட்டேன். அவர் அசையவில்லை.

“தெரியும் சார்” என்றார். இறங்கி வந்து ஒரு சாக்கை வண்டிக்கு அடியில் விரித்தார். “பட்த்துப் பாரு.”

படுத்தேன். வெள்ளைச் சட்டையோடு அன்றுதான் முதல் முறையாக நான் விற்ற வண்டியின் அடியைப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு மேலே, பிரேக் குழாயின் மீது சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. கிளிப்பைப் பெயர்த்து ஒரு சாண் தள்ளி வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது.

“பட்டையக் கழட்டிட்டு வான்னு சொன்னியே, கழட்டினேன். ஒரே நடைதான் லோடு ஏத்திகினு போனேன். பெடலு முழுசா உள்ள பூட்ச்சி. ஹேண்ட் பிரேக்கப் புட்ச்சி நிறுத்தினேன். அடியில பூந்து பாத்தா பைப்பு பளபளன்னு தேஞ்சி கீது. பட்டை இருந்தா வண்டி அமுங்காது, பைப்பு உரசறது கம்மி. பட்டை இல்லேன்னா அமுங்கும், நல்லா உரசும். அவ்ளோதான் மேட்டரு. மறுநாளே வேற பைப்பு மாத்தி, பட்டையத் திரும்பப் போட்டுட்டேன். நீ வேணா இன்னொரு குத்து குத்திக்கோ.”

ஸ்டேண்டில் இருந்த எல்லா வண்டிக்கும் அதே சைக்கிள் ட்யூப் வைத்தியம் நடந்திருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லி, ஒரே வாரத்தில் முடித்திருந்தார்கள். நாங்கள் உறைக்குள் ஒட்டிப் பூட்டி வைத்திருந்த ரகசியம் அவர்களுக்குப் பழைய செய்தி.

நான் படுத்தபடியே இருந்தேன்.  எந்தப் பட்டைக்காக அத்தனை பேரை விரட்டினேனோ, அந்தப் பட்டைதான் அவர்கள் பிரேக்கை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. பட்டை சேர்க்காத வண்டிதான் குதிக்கும்போதெல்லாம் அமுங்கித் தேய்ந்துகொண்டே இருக்கிறது. விதிப்படி ஓடிய நல்ல வண்டி.

“பட்டை போடாத வண்டி ஏதாவது...” என்று ஆரம்பித்தேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“சூசை ஓட்றானே, ஸ்கூல் வண்டி. அது ஸ்டேண்டுக்கு வராதே. போன வாரம் டீக்கடையில பாத்து அவனாண்ட சொன்னேன். டீச்சரு கம்பெனியிலதான் காட்டணும்னு சொல்லிட்டாங்களாம். கம்பெனியில நல்லா கீதுன்னு எழுதியே குட்த்துட்டாங்களாமே. யாரு சார் அது எழுதிக் குட்த்தது?”

 அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். பக்கத்துப் பெட்ரோல் பங்குக்கு ஓடிப் பள்ளிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. நாலு மணிக்குப் பள்ளி விடும். வண்டி பத்து நிமிடத்தில் கேட்டுக்கு வந்துவிடும். சாயங்கால நேரத்தில் அந்த கேட் திறந்திருப்பதைவிட மூடியிருப்பதுதான் அதிகம்.

“ஏறு சார்” என்றார் தாண்டவராயன்.

காலி வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. குரோம்பேட்டையில் தோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதைத் தாண்டினால் ஒரு பஸ் நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றியது. எங்கள் சர்வீஸ் ஸ்டேஷனைக் கடக்கும்போது மேனேஜர் வாசலில் நின்று, ஜல்லி வண்டியில் போகும் என்னை வாயைத் திறந்தபடி பார்த்தார். நான் நெளிந்துகொண்டே இருந்தேன். முன்னால் எது குறுக்கே வந்தாலும் என் வலது கால் தரையை மிதித்தது.

“நீ அமுக்கினா நிக்காது சார்” என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் அமுக்கணும்.”

கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள். குதித்து இறங்கி ஓடினேன். கட்டைக்கு அடியில் குனிந்து நுழையப் போனபோது கேட்கீப்பர் கையைப் பிடித்து இழுத்தார்.

“யோவ், கண்ணு தெரியல உனக்கு?”

பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் எங்களுக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவே ஓடியது. பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கம் தெரிந்தது. பச்சைத் தார்ப்பாய் ஒன்று கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி மறைத்தது. பிறகு இன்னும் பக்கத்தில் தெரிந்தது. இன்னொரு பெட்டி மறைத்தது. ஏசுவையும் முருகனையும் வேறுபாடு பார்க்காமல் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு அவர்கள் வர வேண்டுமா என்ற வெட்கம்கூட இல்லை.

ரயில் போனது. பள்ளி வண்டி ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால், இரண்டு முழ இடைவெளி விட்டு, தினமும் நிற்பது போல நின்றிருந்தது. சூசை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை வந்தது. ஏதாவது ஆகியிருந்தால் எல்லாம் தானாக வெளியே வந்திருக்கும். எதுவுமே ஆகாதபோது, சொல்லவா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது. ‘டீச்சர், நாளைக்கு வண்டியைக் கொஞ்சம் அனுப்புங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் கடிதமும் வேலையும் அப்படியே பிழைத்திருக்கும். கேட் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஹார்ன். தண்டவாளத்தைத் தாண்டினால் ரோடு சரிந்து இறங்கி, பஸ்கள் பறக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் முட்டும். அங்கே இன்னொரு முறை பிரேக் பிடித்தாக வேண்டும். நினைக்க நேரம் இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன் என்றுதான் இன்றும் பயம்.

ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன். டீச்சர் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“பசங்களை இறக்குங்க டீச்சர்.”

“எதுக்கு சார்?”

“பிரேக் எப்ப வேணா போயிடும்.”

“நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

பின்னால் இருந்த லாரிக்காரர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

“பாக்காம எழுதினேன் டீச்சர். வெயிலுக்கு ஆயில் குறையாது. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. ஒரு தவறான விடையைச் சொன்ன பையனை இனிமேல் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்கிற டீச்சரின் முகம் அது. அதற்குத் திட்டே தேவலை.

“சூசை, இன்ஜினை நிறுத்துங்க. பிள்ளைங்களை வரிசையா ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. பெரியவங்க சின்னவங்க கையைப் பிடிச்சிக்கோங்க.” பிறகு என்னிடம், “இந்த வண்டி எங்க போகுதோ அங்க நான் வரேன்.”

தாண்டவராயன் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, பள்ளி வண்டியில் ஏறினார். முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். டீச்சரும் நானும் பின்னால் நடந்தோம். ஏறக்குறைய ஒரு மைல்.  நான் இரண்டு முறை பேச ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் புதுக் கார்டுகள் போயின. ‘பிரேக் திடீரென்று பிடிக்காமல் போகலாம். சரி செய்யும் வரை ஓட்ட வேண்டாம்’ என்று தமிழில், பெரிய எழுத்தில். மூன்று நாளில் அத்தனை வண்டியும் வாசலில் நின்றன. ஷோரூமில் யாரும் கால் வைக்காமல் போகவும் இல்லை. தொழிற்சாலை அனுப்பிய புது வரைபடத்தில் கிளிப்புக்குக் குறித்திருந்த இடம், தாண்டவராயன் கம்பி கட்டியிருந்த அதே இடம். அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். “கம்பெனிக்காரன் தேறிட்டான்” என்றார். என்னை ஆறு மாதம் உதிரிபாகக் கிடங்கில் தூக்கிப் போட்டார்கள். பிறகு புகார் மேஜையில் உட்கார வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஓய்வு பெறும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

உங்கள் எதிரே வந்து நிற்கிறவர் விதியை மீறியிருப்பார், பொய்கூடச் சொல்வார். அதனால் அவர் வண்டியில் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒன்றைத் தவிர எனக்கு உபதேசம் எதுவும் தெரியாது. நான் முடிக்க வேண்டிய இடம் வேறு.

அன்று சாயங்காலம், வண்டி எங்கள் ஷெட்டில் வந்து நின்றதும் மேனேஜர் இறங்கி வந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல மேடம், சின்ன செக்கப்தான்.” என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “யாரைக் கேட்டுய்யா வண்டியை நிறுத்தினே?”

எனக்கு அவரோடு பேசப் பிடிக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் எப்படி மிதிப்போமோ அப்படிப் பெடலை மிதித்தேன். பிடித்தது. மறுபடி மிதித்தேன். பிடித்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை மிதித்தபோது அடியில் ஏதோ விட்ட சத்தம் கேட்டது. என் கால் பெடலோடு சேர்ந்து தரையில் போய் முட்டியது. இறங்கிப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் ஆயில் ஒழுகி, மேனேஜரின் செருப்பை நோக்கி மெல்ல ஓடியது.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தப் பழைய காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எழுதிக் குடுங்க சார்.”

மேனேஜர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் மேஜைக்குப் போய், என் அழகான பழைய வரிகளுக்குக் கீழே எழுதினேன். ‘மேலே உள்ளது பொய். ஆயில் வெயிலில் குறையாது. இந்த வண்டியின் பிரேக் குழாய் இன்று என் கண் முன்னால் உடைந்தது.’  கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“சீல்?”

சீலை எடுத்து வைத்தேன். மை காயும்வரை காகிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, தரையில் தேங்கியிருந்த ஆயிலைக் காட்டினார்.

“இங்கதான் சார் போகுது” என்றார். சொல்லிவிட்டு, பிள்ளைகள் காத்திருக்கும் பள்ளிக்கு நடந்து போனார்.